ஈராக்குக்குப் போகாத மாலிபு

கையை உயர்த்தி என்னை மறித்தவர் சிவப்புத் தொப்பி போட்டிருந்தார். கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு பின்சீற்றைப் பார்த்தார், காரின் உண்மையான சொந்தக்காரன் அங்கே இருக்கிறானா என்பதுபோல.

"பொதுப் பார்க்கிங் அந்தப் பக்கம், மேடம்" என்றார்.

"நான் கண்காட்சிக்கு வந்தனான்" என்றேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. என் ஆங்கிலம் எனக்குள் தமிழாகவே ஓடுவதால் அப்படியே எழுதுகிறேன்.

"பார்க்க வருபவர்கள் அங்கே நிறுத்திவிட்டு நடந்து வரவேண்டும்."

"பார்க்க வரேல்லை. காட்ட வந்திருக்கிறன்."

அவர் காரின் முன்பக்கமாக ஒருமுறை நடந்துபோய்த் திரும்பி வந்தார். மண்ணிறத்து மாலிபு. நாலு கதவு. கதவோரம் பெயின்ற் கொஞ்சம் உப்பியிருந்தது. உள்ளே, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் இருந்த அந்தக் கடைத்தொகுதியின் தார்த்தரை முழுக்கச் சிவப்பும் நீலமுமாய் இரண்டு கதவுக் கார்கள் கண்ணாடிபோல மினுங்கிக்கொண்டு நின்றன. யாரோ வெங்காயம் வதக்கும் வாசம் வந்தது.

"இது பழைய கார்தான். ஆனால் கிளாசிக் இல்லை" என்றார்.

நான் எஞ்சினை நிறுத்தினேன். வாசலுக்கு நேர் நடுவில்.

எனக்குப் பின்னால் ஏற்கெனவே வரிசை நின்றது. ஒருவர் ஹோர்ன் அடித்தார்.

"உங்கடை அறிவித்தலிலை இருபத்தைஞ்சு வருசத்துக்கு முந்தின எந்தக் காரும் வரலாம் எண்டு கிடக்கு. இது உங்கடை மகனிலும் மூப்பாயிருக்கும். அதோடை இது ஒஷாவாவிலை செய்த கார். உள்ளை நிக்கிறதிலை எத்தினை இந்த நாட்டிலை செய்தது?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த மூலையைக் காட்டினார். அது எனக்குப் போதும். திரும்ப எஞ்சினைப் போட்டு உள்ளே போனேன்.

வேறொருவருக்காகச் செய்த கார்

இந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் அந்தச் சனிக்கிழமையைச் சொல்ல முடியாது.

மாலிபு என்பது அறுபதுகளில் ஓர் அமெரிக்கக் கம்பெனி தன் நடுத்தரக் கார் ஒன்றின் வசதி கூடிய வகைக்கு வைத்த பெயர். கலிபோர்னியாக் கடற்கரை ஒன்றின் பெயர் அது. பிறகு அந்தப் பெயரே காரின் பெயராகிவிட்டது. பெரிதாக இருந்ததை எழுபதுகளின் கடைசியில் சுருக்கிப் பெட்டிபோல ஆக்கினார்கள். பொலிஸ் ஓட்டியது, தபால்காரர் ஓட்டினார், பள்ளிக்கூட வாத்தியார் ஓட்டினார். யாரும் திரும்பிப் பார்க்காத கார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈராக் அரசாங்கம் இந்தக் காரை ஆயிரக்கணக்கில் ஓடர் பண்ணியது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒஷாவாவில் செய்தார்கள். அந்த நாட்டு வெயிலுக்கென்று பெரிய ரேடியேற்றர், ஏசி, துணிச் சீற், இருநூறு கிலோமீற்றர்வரை எண்போட்ட வேகமானி. இங்கே ஆரும் கேட்காத மூன்று கியர்க் கம்பு ஒன்றையும் தரையிலிருந்து நீட்டிவிட்டார்கள்.

பாதி போய்ச் சேர்ந்தது. பிறகு ஈராக் போதும் என்றுவிட்டது. கியர் சரியில்லை என்று ஒரு கதை. ஈரானோடு சண்டை, கையில் காசில்லை என்று இன்னொரு கதை. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. மிச்சக் கார்கள் துறைமுகத்தில் தேங்கி நின்றன. கடைசியில் அவற்றைக் கனடாக்காரருக்கே மலிவாகத் தள்ளிவிட்டார்கள்.

அதில் ஒன்றைத்தான் என் கணவர் தேவராசா பல வருடம் கழித்து, ஒஷாவாவில் ஒரு கிழவரின் வீட்டு முற்றத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் அப்போது ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில், இப்போதும் நான் இருக்கும் அதே அடுக்குமாடியில் இருந்தோம். எங்கள் அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை.

"மனோ, கார் எங்களை மாதிரித்தான். போகவேண்டிய இடத்துக்கும் போகேல்லை, இஞ்சையும் ஆருக்கும் வேண்டாம்" என்று சிரித்தார்.

எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை.

"ஆருக்கும் வேண்டாமெண்டு ஆர் சொன்னது? நாங்கள் வாங்கிட்டம்தானே" என்றேன். "என்னையும் உதோடை சேர்க்காதேங்கோ."

கியர் சிக்கிய சந்தி

அவருக்கு வேலை நேரம் மாறி மாறி வந்ததால் என்னைக் கொண்டுபோய்விட முடியாது. நான் பாண் சுடும் தொழிற்சாலையில் விடிகாலை ஷிப்ற். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாறவேண்டும்; பனியில் ஒரு பஸ் தவறினால் அன்றைய வேலை போச்சு. ஆகவே லைசென்ஸ் எடுப்பதென்று முடிவு செய்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் கட்டடத்தில் கார் ஓட்டும் தமிழ்ப் பெண்கள் அரிது. இந்தக் கியர்க் காரை ஓட்டியவர் ஒருவருமில்லை. முதலாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கம்பு நடுவில் சிக்கிக்கொள்ளும். கிளட்சை அடிவரை மிதித்து, கம்பை ஒருமுறை தளரவிட்டு, பிறகு மெல்ல இழுக்கவேண்டும். அவசரப்பட்டால் வராது.

நான் அவசரப்பட்டேன். ரெஸ்ற் நாளில், பெரிய சந்தியின் நடுவில், கம்பு சிக்கியது. பச்சை விழுந்து சிவப்பாகி மறுபடி பச்சை விழுந்தது. பக்கத்தில் இருந்த பரிசோதகர் தாளில் எதையோ எழுதினார். திரும்பி வந்ததும், "அடுத்த முறை ஒட்டோமற்றிக் காரோடு வாருங்கள்" என்றார்.

அன்று பின்னேரம் கணேசு அண்ணை வீட்டுக்கு வந்திருந்தார். என் கணவரின் சிநேகிதர், உதவி செய்வார், ஆனால் உதவியோடு ஒரு சொல்லும் சேர்த்துத் தருவார்.

"தங்கச்சி, என்ரை ஒட்டோமற்றிக்கைத் தாறன், கொண்டுபோம். உந்தக் கியர் பொம்பிளையளுக்குச் சரிவராது" என்றார்.

"எனக்குக் கியர் சரிவரும் அண்ணை. உங்கடை கதைதான் சரிவரேல்லை."

தேவராசா தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கணேசு அண்ணை கொஞ்ச நாளைக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தேவராசா என்னை வெறும் பார்க்கிங் லொட் ஒன்றுக்குக் கூட்டிப்போவார். நல்லாய்க் கற்றுத்தந்தார் என்று சொல்லமாட்டேன். கத்துவார். நான் திருப்பிக் கத்துவேன். ஒருநாள் காரை நடுவில் விட்டுவிட்டு நான் இறங்கி நடந்தேன். அவர் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்து, "சரி, நீரே ஓடும், நான் வாய் திறக்கேல்லை" என்றார். அன்றைக்குத்தான் கம்பு எனக்குப் பிடிபட்டது.

அடுத்த ரெஸ்ற்றுக்கும் அதே காரில் போனேன். அதே பரிசோதகர்.

"மறுபடி இதுவா?" என்றார்.

"இதுதான் நான் ஓடப்போற கார்" என்றேன்.

அதே சந்தி வந்தது. கிளட்ச், ஒரு மூச்சு, இரண்டாம் கியர். வெண்ணெயில் கத்தி இறங்கினதுபோல விழுந்தது. திரும்பி வந்ததும் அவர் வாழ்த்தாமலே கையெழுத்து வைத்துத் தாளை நீட்டினார். நானும் நன்றி சொல்லவில்லை.

பிறகு பல வருடம் எங்கள் கட்டடத்துப் பெண்களை அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். இந்தக் காரின் பின்கதவுக் கண்ணாடிகள் இறங்காது, செய்ததே அப்படித்தான். ஓரத்தில் சின்னதாய் ஒரு கண்ணாடி மட்டும் கொஞ்சம் விரியும். ஏசி செத்த பிறகு கோடையில் பின்னால் இருப்பவர்கள் பட்ட பாடு சொல்லிமாளாது. "மனோ, இது காரோ, புட்டு அவிக்கிற பானையோ" என்பார்கள். ஆனால் மறுநாளும் ஏறுவார்கள்.

அஜக்ஸ் வீட்டின் பேஸ்மென்ற்

தேவராசா காலமாகிச் சில வருடம். பிற்காலத்தில் நாங்கள் வாங்கியிருந்த புதிய காரை விற்றேன். மாலிபுவை வைத்துக்கொண்டேன். பனிக்குத் தெருவில் உப்புப் போடும் காலத்தில், அந்த உப்பு தகரத்தை அரிக்கும் என்பதால், அது நிலக்கீழ்ப் பார்க்கிங்கில் போர்வையோடு தூங்கும். நான் பஸ்ஸில் போவேன். பனி கரைந்ததும் வெளியே எடுப்பேன்.

மகன் அஜந்தனுக்கு இது விளங்கவில்லை. அவன் இங்கே பிறந்தவன், அஜக்ஸில் வீடு வாங்கிப் பேஸ்மென்றை எனக்கென்று திருத்தி வைத்திருக்கிறான். தனிக் குசினி, தனிக் குளியலறை, சாமித்தட்டுக்கு ஓர் அலுமாரி. பாசத்தில் செய்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே போனால் காருக்கு இடமில்லை. காருக்கு இடமில்லை என்பதைவிட, நான் இனிமேல் ஓட்டத் தேவையில்லை என்பதுதான் அவன் திட்டம்.

அந்தக் கிழமை ரெலிபோன் எடுத்தான்.

"அம்மா, நியூஸ் பாத்தீங்களா? மாலிபு செய்யிறதையே ஸ்ரொப் பண்ணிட்டாங்கள். எல்லாரும் எஸ்யூவிதான் வாங்கினமாம். கொம்பனியே கிவ் அப் பண்ணிட்டுது. நீங்கள் மட்டும் ஏன் இன்னும்?"

"கொம்பனி என்னைக் கேட்டே நிப்பாட்டினது?"

"அம்மா, சீரியஸ்லி. எயார்பாக் இல்லை, ஒண்டும் இல்லை. உங்களுக்கு ஏதும் நடந்தா நான் என்ன செய்யிறது? நான் ஒரு ஸ்கிராப் ஆளோடை கதைச்சிட்டன். சனிக்கிழமை விடிய ட்ரக் வரும். கார்த் திறப்பைக் குடுத்தாச் சரி."

அவன் குரலில் கோபமில்லை. பயம்தான் இருந்தது, எனக்கு அது தெரிந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. பயம் அவனுடையது, கார் என்னுடையது.

"சரி" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, லிப்ற்றுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பழைய கார்க் கண்காட்சி அறிவித்தலைப் போய்ப் படித்தேன்.

சனிக்கிழமை ட்ரக் வந்தபோது பார்க்கிங் வெறுமையாக இருந்தது.

குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்

மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நானும் பொனற்றைத் திறந்து வைத்தேன். மடக்குக் கதிரையைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். போனவர்கள் வந்தவர்கள் என் காரைத் தாண்டி, பக்கத்தில் நின்ற மஞ்சள் காரைப் படமெடுத்தார்கள்.

போன் அடித்தது.

"அம்மா, கார் எங்கை? ட்ரக்குக்காரன் கோல் பண்ணினவன்."

"கார் கண்காட்சிக்கு வந்திருக்கு."

"நான் வாறன்" என்றான்.

அவன் வருவதற்கு முன் வேறொருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஐஸ்கிரீம், பக்கத்தில் மகள். என் காரைத் தாண்டிப் போனவர் நின்று, திரும்பி வந்து, ஜன்னலூடாகக் கியர்க் கம்பைப் பார்த்தார். பிறகு வேகமானியைப் பார்த்தார். ஐஸ்கிரீம் உருகி அவர் மணிக்கட்டில் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

"இது எப்படி இங்கே?" என்று கேட்டார்.

"இது இஞ்சைதான் நிண்டது" என்றேன்.

அவர் பெயர் ஹைதர். பாக்தாத்தில் பிறந்தவர். அவருடைய பெரியப்பா போரில் இறந்தபோது அரசாங்கம் குடும்பத்துக்கு ஒரு கார் கொடுத்ததாம். இதே மாலிபு, இதே கம்பு. அந்தக் காரை எரிக்கவேண்டும் என்று வீட்டில் அழுதார்களாம். எரிக்கவில்லை. தம்பி, அதாவது ஹைதரின் தகப்பன், அதை ரக்சியாக ஓட்டினார். அதில்தான் ஆறு பிள்ளைகள் படித்தார்கள். அந்த நகரத்தில் அப்படி எத்தனையோ கார்கள் ஓடினவாம்.

"மீதியெல்லாம் என்ன ஆனதென்று அப்பா அடிக்கடி கேட்பார். இவற்றைச் செய்த ஊருக்குப் பக்கத்திலேயே இத்தனை வருடம் இருக்கிறோம், ஒன்றைக்கூட நான் கண்டதில்லை."

"அப்பா எங்கை?"

"ரெக்ஸ்டேலில். வீட்டைவிட்டு இப்போது அதிகம் வெளியே வருவதில்லை."

நான் யோசிக்கவேயில்லை. "நாளைக்குக் கொண்டு வாறன்" என்றேன்.

அஜந்தன் வந்து சேர்ந்தபோது ஹைதர் என் டிரைவர் சீற்றில் இருந்தார். அவர் மகள் படமெடுத்துக்கொண்டிருந்தாள். ட்ரக் கதையை எடுக்க வந்த அஜந்தன், அவருடைய நனைந்த கண்ணைப் பார்த்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

பின்சீற்

ஞாயிறு காலமை அஜந்தன் டோர்செட் பார்க்குக்கு வந்துவிட்டான்.

"நாலு பூச்சியம் ஒண்டு பெருந்தெருவிலை ரெக்ஸ்டேல் மட்டும் நீங்கள் தனியப் போகேலாது. நான் ஓடுறன்."

திறப்பைக் கொடுத்தேன். ஏறி இருந்தான். கிளட்சைக் கண்டான். கம்பைக் கண்டான். இரண்டு முறை எஞ்சின் குதித்து நின்றது. மூன்றாம் முறை கராஜ் தூணுக்குக் கிட்டப் போனோம். இறங்கி, காரைச் சுற்றி வந்து, மறுபக்கம் ஏறிப் பெல்ற்றைப் போட்டான். ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பெருந்தெருவில் மூன்றாம் கியரில் எஞ்சின் முழங்கியது. இரண்டு பக்கமும் லொறிகள். அஜந்தன் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தான். பாதிக்கு மேல் போய், கீல் சந்தியைத் தாண்டியபோது பிடியை விட்டான்.

ஹைதரின் தகப்பன் வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட் போட்டிருந்தார். கார் திரும்பும் சத்தத்திலேயே எழுந்துவிட்டார். கிட்ட வந்து பொனற்றில் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சலா என்று பார்ப்பதுபோல.

நான் இறங்கி டிரைவர் கதவைத் திறந்துவிட்டேன். அவர் வேண்டாமெனத் தலையை ஆட்டினார். அரபு மொழியில் ஏதோ சொன்னார்.

"முன்னால் இருந்தது போதுமாம். பின்னால் ஒருநாளும் இருந்ததில்லையாம்" என்றார் ஹைதர்.

பின்கதவைத் தானே திறந்து ஏறினார். ஹைதர் பக்கத்தில் ஏறினார். அந்தத் தெருக்களைச் சுற்றினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன்: கிழவர் கதவில் கையால் தடவித் தடவி எதையோ தேடினார். கண்ணாடி இறக்கும் பிடி. அது அங்கே கிடையாது. நெற்றியில் வியர்வை வழிந்தது.

திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமினார்.

"பயணிகள் எல்லாரும் இந்த ஜன்னலைத் திட்டுவார்களாம்" என்றார் ஹைதர். "வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று இவர் கத்துவாராம். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்கிறார்."

நானும் சிரித்தேன். அஜந்தன் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான். சின்ன வயதில் அந்த இடத்தில் அவிந்தவன் அவன்.

இறங்கும்போது கிழவர் பின்சீற்றுத் துணியை ஒருமுறை தட்டி நேராக்கினார். அது ரக்சிக்காரரின் கை. அண்ணனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கும் ஊர்ச் சண்டையில் அப்படிப் போனவர்கள் உண்டு.

வாசலில் ஹைதர் தயங்கினார். "இதை விற்கும் எண்ணம் ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

நான் பதிலுக்கு வாயெடுக்கமுன் அஜந்தன் முந்திக்கொண்டான்.

"இல்லை. அம்மா விக்கமாட்டா" என்றான் ஆங்கிலத்தில். "அவ ஓடுறவ."

திரும்பும்போது வாகன நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து வந்தோம். ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. அஜந்தன் என் இடக்காலையே பார்த்துக்கொண்டு வந்தான். சூடான காற்று முன்ஜன்னலால் அடித்தது.

"அம்மா."

"ம்."

"பேஸ்மென்றை வாடகைக்கு விடட்டோ?"

முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. நானும் நகர்த்தினேன்.

"விடு" என்றேன். "நல்ல ஆக்களாப் பாத்து விடு."